கூழில் தூவிய ஒரு பிடி மாவு

அன்புள்ள ஐயா,

நான் ஈழத்தில் பிறந்தவள். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் சில காலம் வேலை செய்தேன். இப்போது ஒஸ்லோவில் இருக்கிறேன். சென்ற மாதம் பதினைந்து வயதுப் பேத்தியோடு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹார்டாங்கர் கடற்கழியில் மணமகளைப் படகில் அழைத்துவரும் அந்தப் பெரிய ஓவியத்தின் முன் நின்றபோது, "எல்லாம் கற்பனை அம்மம்மா. வரைந்தவர்கள் ஜெர்மனியில் இருந்தவர்கள்" என்றாள். அதே பிள்ளைதான் மே 17 தேசிய நாள் ஊர்வலத்துக்கு பூனாட் என்ற இந்நாட்டுப் பாரம்பரிய உடை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இந்த ஓவியம், நாட்டார் கதைகள், பூனாட் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய 'நோர்வேத் தன்மை' படித்தவர்கள் கட்டிய பொய்தானா? அப்படியானால் வந்தேறிகளான எங்கள் பிள்ளைகள் அதை ஏன் உடுத்த வேண்டும்? வடக்கே நான் பழகிய சாமி என்ற பழங்குடி மக்களுக்கு இதில் என்ன இடம்?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. சில வாரங்களாக அஸ்பியோர்ன்சன் என்ற மனிதரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். யோர்கன் மோவுடன் சேர்ந்து நார்வேயின் நாட்டார் கதைகளைத் திரட்டியவர். உங்கள் பேத்தி பள்ளியில் படித்திருப்பாள். அவரைப் பற்றி எழுத ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன், நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். எனவே மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் 'பொய்'யை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஓவியம் 1848இல் வரையப்பட்டது. மலையும் நீரும் ஹான்ஸ் கூடேயின் கை, படகில் இருக்கும் மனிதர்கள் அடோல்ஃப் திடமானின் கை. இருவரும் ஜெர்மனியின் டியூசல்டார்ஃபில் தொழில் கற்றவர்கள் என்பது உண்மை. ஐரோப்பாவெங்கும் புரட்சி மூண்ட அந்த ஆண்டில் ஊர் திரும்பியிருந்தார்கள் என்பதும் உண்மை. அதனாலேயே படம் பொய்யாகிவிடுமா? ஒஸ்லோவில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஊர்க் கிணற்றடியை நினைக்கிறீர்களே, அது பொய்யா? தூரத்தில் இருப்பவனுக்குத்தான் ஊர் முழுசாகத் தெரியும், அழுக்கு நீங்கித் தெரியும். பேத்தியிடம் சொல்லுங்கள்: ஓவியர் எங்கே குடியிருந்தார் என்று கண்டுபிடித்துவிட்டால் ஓவியத்தைப் பார்த்து முடித்துவிட்டதாக அர்த்தமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் 'கட்டமைப்பு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வியாதி இருக்கிறது. அதைப் படிப்பு என்று நாமும் மெச்சுகிறோம்.

நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கின் நிழலில் கிடந்த நாடு அது. 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் அரசியல் சட்டம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுவீடன் மன்னரோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த முடிச்சு அவிழ 1905 வரை ஆனது. அதிகாரியும் பாதிரியாரும் எழுதியது டேனிஷ். தனி நாடு என்று காட்ட என்ன இருந்தது? பள்ளத்தாக்குகளில் குடியானவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பாட்டும் கதையும் மர வேலைப்பாடும் இருந்தன. படித்தவர்கள் இதையெல்லாம் வெறுங்கையால் படைக்கவில்லை. இருந்ததிலிருந்து தங்களுக்குப் பிடித்ததைப் பொறுக்கினார்கள். பொறுக்காமல் விட்டதுதான் என் பேச்சு.

1849இல் கிறிஸ்தியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ, நாடக அரங்கில் அந்த ஓவியத்தை அப்படியே மேடையில் உயிருள்ள ஆட்களைக் கொண்டு உயிர்ச்சித்திரமாக நிறுத்தினார்கள். படகு, மணமகள், பாட்டு, கவிதை எல்லாம். சபை உருகியது. அதே ஆண்டு ஜனவரியில் வயலின் மேதை ஓலே புல், டெலிமார்க்கின் ஏழைப் பிடில்காரர் மில்லர்குட்டனை அழைத்துவந்து தலைநகரத்து மேடையில் வாசிக்க வைத்தார். அதற்கும் கைதட்டல். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மார்க்குஸ் திரானே டிராமன் நகரில் தொழிலாளர் சங்கம் தொடங்கியிருந்தார். நிலமில்லாத குத்தகைக் குடிகளும் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஓட்டுரிமை கேட்டார்கள். 1851இல் திரானேயைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். குடியானவன் பிடில் வாசித்தால் தேசம், மனு எழுதினால் கலகம்.

சரி, அஸ்பியோர்ன்சனுக்கு வருகிறேன். அவரை வெறுக்க முடியாது, அதுதான் தொல்லை. கண்ணாடி பொருத்தும் தொழிலாளியின் மகன். விலங்கியல் படித்தவர், பின்னாளில் வன அதிகாரி. உங்கள் ஓவியத்திலிருக்கும் அதே ஹார்டாங்கர் கடற்கழியின் ஆழத்திலிருந்து 1853இல் ஒரு புதிய நட்சத்திர மீனை எடுத்து, வடநாட்டுத் தொன்மத்தில் வரும் ஃப்ரேயா தேவியின் கழுத்தணியை நினைத்து அதற்கு பிரிசிங்கா என்று பெயர் வைத்தார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? 1841இலிருந்து அவரும் மோவும் வெளியிட்ட கதைகள், டேனிஷ் எழுத்துக்குள் நார்வே வாய்மொழியின் மூச்சை ஏற்றின. அதற்குப் பிறகு அந்த நாட்டில் உரைநடை எழுதிய எவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்தான்.

அவருடைய கதை ஒன்று. நரி வேட்டைக்குப் போன நகரத்து ஆள் காலைச் சுளுக்கிக்கொள்கிறான். பெர்த்தே என்ற கிழவியிடம் போகிறான். அவள் சாராயம் தடவி மந்திரம் சொல்லிக் காலை நீவிவிடுகிறாள், நீவிக்கொண்டே மலைவாழ் பூதங்களின் கதையைச் சொல்கிறாள். அருமையான எழுத்து. கிழவியின் பேச்சு, குடிசையின் இருட்டு எல்லாம் கண்முன் நிற்கும்.

அதே மனிதர் 1864இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். கிளெமென்ஸ் பொனிஃபாசியுஸ் என்று புனைபெயர். 'அறிவுக்குகந்த சமையல்' என்ற பொருளில் தலைப்பு. அதில் நார்வேயின் குடியானவப் பெண்களைப் பிடித்து உலுக்கினார். அவர்கள் கூழ் காய்ச்சும் முறை இது: தண்ணீர் கொதித்ததும் மாவைப் போட்டுக் கிளறி வேகவிடுவார்கள். வெந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, பரிமாறுவதற்குச் சற்று முன் இன்னும் ஒரு பிடி பச்சை மாவைத் தூவிக் கிண்டுவார்கள். இந்தக் கடைசிப் பிடி மாவு செரிக்காது, அப்படியே வீணாகிறது என்றார் அஸ்பியோர்ன்சன். ஜெர்மன் வேதியியலைப் படித்த காலம். நாடு முழுக்க எத்தனை வீடு, எத்தனை வேளை, எவ்வளவு தானியம் பாழ் என்று கணக்கும் போட்டார்.

எதிர்த்து எழுந்தவர் எய்லெர்ட் சுன்ட். சமயப் படிப்பு படித்தவர், அரசு மானியத்தில் ஊர் ஊராகப் போய் ஏழைகளின் கல்யாணம், சாவு, குடிசை, துப்புரவு என்று எழுதிக்கொண்டிருந்தவர். நாட்டார் கதை அவருக்கு வேண்டியதில்லை. அவர் அடுப்படியில் கேட்டார்: ஏன் அம்மா அந்தக் கடைசி மாவு? பெண்கள் காரணம் வைத்திருந்தார்கள். கூழ் கெட்டியாகிறது, வாய்க்குப் பிடிக்கிறது, வயிற்றில் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக, தானியம் தங்கத்துக்குச் சமமான வீடுகளில், பெண்கள் தினமும் செய்கிற ஒன்று வெறும் முட்டாள்தனமாக இருக்க முடியாது, முதலில் அவர்களிடம் விசாரியுங்கள் என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் பத்திரிகைகளில் அடிதடி. 'கூழ்ச் சண்டை' என்றே அதற்குப் பெயர். மருத்துவர்களும் அறிவியல் படித்தவர்களும் பெரும்பாலும் அஸ்பியோர்ன்சன் பக்கம் நின்றார்கள். சுன்ட் கேலிக்கு ஆளானார். 1869இல் அவருடைய மானியத்தை நாடாளுமன்றம் நிறுத்தியது. அடுத்த ஆண்டு பாதிரியாராகப் போனார். எந்த ஊருக்கு? எய்ட்ஸ்வோல். அரசியல் சட்டம் பிறந்த அதே ஊர். 1875இல் இறந்தார். பச்சை மாவும் செரிக்கத்தான் செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. கேட்பதற்குச் சுன்ட் இல்லை.

இதுதான், க., என்னைத் தூங்கவிடாமல் செய்வது. அஸ்பியோர்ன்சன் கிழவியின் மந்திரத்தை நம்பிக் காலை நீட்டுகிறார், அவள் வைத்த கூழை நம்ப மாட்டேன் என்கிறார். அவள் வாயிலிருந்து வரும் கதை தேசத்தின் ஆன்மா, அவள் கையிலிருந்து வரும் அகப்பை அறியாமை. கற்பனாவாத தேசியத்தின் மீது எனக்கிருக்கும் வழக்கு இது ஒன்றுதான். அது கற்பனை செய்தது என்பது அல்ல. மக்களை மேடையில் நிறுத்திக் கும்பிட்டது, அடுப்படியில் அவர்களிடம் யோசனை கேட்க மறந்தது. நீங்கள் ஆலையில் மீன் வெட்டிய காலத்தில் உங்களிடம் யாராவது யோசனை கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விழா மேடைக்கு, சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லி நிச்சயம் கூப்பிட்டிருப்பார்கள்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் என்னைச் சுன்ட் கட்சிக்காரன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் போலந்தின் தெற்கெல்லையில் கார்ப்பாச் என்ற மலையூருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு நார்வே மரக் கோயில் நிற்கிறது. கருத்த மரம், வாசல் தூண்களில் ஒன்றையொன்று கவ்விப் பின்னிய பாம்புடல் விலங்குகள், காற்றைத் தடுக்கப் பக்கத்தில் பின்னர் எழுப்பிய கருங்கல் கோபுரம். வால்ட்ரெஸ் பகுதியில் வாங் என்ற ஊரின் இடைக்காலத் தேவாலயம் அது. ஊர்க்காரர்களுக்கு அது சிறியதாகிவிட்டது. பெரிதாக ஒன்று கட்ட வேண்டும், பழையதை இடித்துவிடலாம் என்றார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்த பெர்கன் மீனவர் மகன், ஓவியர் ஜே. சி. டால் பதறினார். 1841இல் ஏலத்துக்கு வந்தபோது பிரஷ்ய மன்னரை வாங்க வைத்தார். பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலேற்றி, அன்று பிரஷ்யாவுக்குச் சொந்தமாக இருந்த அந்த மலையில் மறுபடி பூட்டி, 1844இல் திறந்தார்கள்.

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் முன்பலகையில் இடித்தது. வாங் மக்கள் கேட்டதில் என்ன தவறு? குளிரில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தானே? ஆனால் டால் என்ற மனிதர் குறுக்கே விழாதிருந்தால் அந்தப் பாம்புகள் விறகாகியிருக்கும். இதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. அந்த மன்னர் கொடுத்த ஏலப் பணத்தில் ஊர்க்காரர்களுக்கு அகலமான பெஞ்சு கிடைத்திருந்தால் சரி.

நார்வே நாடகாசிரியர் இப்சனை இங்கே இழுக்காமல் விட மனமில்லை. 'பியர் கிந்த்' நாடகத்தில் பூதங்களின் அரசன், பானம் இனிக்கிறதா புளிக்கிறதா என்பது பொருட்டல்ல, நம் வீட்டில் வடித்ததா என்பதுதான் முக்கியம் என்கிறான். இத்தாலியில் இருந்துகொண்டு எழுதியது, 1867இல் வந்தது. அதற்கு இசையமைத்த கிரீக், மலையரசன் அரண்மனைக்கான தன் இசையில் மாட்டுச் சாணமும் அளவுகடந்த நார்வேத்தனமும் நாறுவதாக நண்பருக்கு எழுதினார். இன்று அந்த இசையைத்தான் சுற்றுலாக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நையாண்டியையும் கொடியாக்கிக்கொள்ளும் திறமை தேசங்களுக்கு உண்டு.

சாமி மக்களைப் பற்றி நீங்கள் கேட்டது ஒரு வரிதான், கடிதத்தில் கனமான வரியும் அதுதான். 1871இல் ஃப்ரீஸ் என்ற பேராசிரியர் சாமி நாட்டார் கதைகளைப் புத்தகமாக்கினார். அவர் அந்த மொழிக்காக வாதாடியவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே தலைமுறையில், 1898இல், சாமி மொழியைப் பள்ளியில் முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை போனது. 1902இல் ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க வேண்டுமானால் நார்வே மொழி பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. கதை நூலகத்துக்குள் ஏறியது, குழந்தை வகுப்பில் வாயை மூடியது. சாமி நாடாளுமன்றம் 1989இல் வந்தது. 1997இல் அந்த அவையில் நின்று மன்னர் ஹரால்ட் வருத்தம் தெரிவித்தார். நீங்கள் ஃபின்மார்க்கில் இறங்கியபோது இந்த மாற்றம் தொடங்கிக்கொண்டிருந்தது. உங்களோடு வேலை செய்த பெண்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள், உங்கள் முன் எதைப் பேசவில்லை என்று விரிவாக எழுதுங்கள். அதைத்தான் வாசிக்க ஆசைப்படுகிறேன், அருங்காட்சியகத்துக்குப் போன கதையை அல்ல.

பூனாட். வந்தேறிப் பிள்ளைக்கு அதை உடுத்த உரிமை உண்டா என்ற கேள்வியை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணை நீங்களே வாசலில் நிறுத்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? 1903இல் பூனாட் பற்றிப் புத்தகம் எழுதி இந்த உடைக்கு உயிரூட்டிய ஹுல்டா கார்போர்க், பாட்டோடு ஆடும் சங்கிலி நடனத்தைக் கற்க அதற்கு முந்தைய ஆண்டு ஃபாரோ தீவுகளுக்குப் போனார். அதைத்தான் நார்வேயின் நடனமாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு இல்லாத கூச்சம் உங்கள் பேத்திக்கு எதற்கு?

வாங்கிக்கொடுங்கள். அந்த நாட்டில் அந்த வயதில் பாட்டிகள் கொடுப்பதுதான். தைக்கக் கொடுக்கும்போது தையல்களின் ஓரத்தில் துணி தாராளமாக விடச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பெண் இன்னும் வளர்வாள், ஒவ்வொரு வருடமும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.