பிறவிக் குணமா, வளர்ப்பா? வயது ஏற ஏற எதன் கை ஓங்கும்?

வயது ஏறினால் அனுபவம் சேரும், அதனால் பிறவிக்கூறு மங்கிவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அறிவுத்திறன் விஷயத்தில் இரட்டையரை ஆராய்ந்தவர்கள் கண்டது நேர் எதிர். நான்கு நாடுகளில் சுமார் 11,000 ஜோடி இரட்டையரை வைத்து 2010-ல் வந்த ஆய்வில், பிள்ளைகளுக்கிடையே இருந்த வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 9 வயதில் 41 சதவீதம், 12-ல் 55, 17-ல் 66.

காங்கேயம் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருக்காது. எங்கள் கன்று செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் போல ஆனதும் நிறம் மாறி மயிலையாகும், அதாவது சாம்பல் நிறம். காளையானால் திமிலும் தொடையும் கறுக்கும். எல்லாம் பிறக்கும்போதே உள்ளே இருந்ததுதான், பருவம் வந்து வெளியே தெரிகிறது. ஆனால் அதே காளைக்குக் காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். இதில் பிறவி எத்தனை பங்கு, மனிதன் கை வைத்தது எத்தனை பங்கு என்று எப்படிங்க பிரிப்பது?

மனிதரிடம் இன்னொன்றும் சேர்கிறது. சின்ன வயதில் என்ன படிப்பது, யாரோடு பழகுவது எல்லாம் வீடு முடிவு செய்வது. வளர்ந்தபின் நாமே தேடிக்கொள்கிறோம். பேச்சில் கெட்டிக்காரன் திருப்பூரில் பனியன் ஆர்டர் பிடிக்கப் போகிறான், ஆள் கூட்டம் ஆகாதவன் தோட்டத்து வீடான சாளையோடு இருந்துகொள்கிறான். போன இடம் அவரவர் குணத்தை மேலும் முற்றவைக்கிறது. கணக்கெடுக்கும்போது இதுவும் மரபணுவின் பங்காகவே விழும். (நான் அப்புச்சியைப் போலவே பேசுவதாக அம்மா சொல்வதை இப்போதெல்லாம் மறுப்பதில்லை.)

சரி, அப்படியானால் வளர்ப்பு வீணா? இல்லை. 66 சதவீதம் என்பது ஒருவனுடைய அறிவில் பாதிக்கு மேல் பிறவி என்ற பொருளில் வராது. அந்தக் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் கணக்கு அது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏழைக் குடும்பத்து 7 வயதுப் பிள்ளைகளிடம் மரபணுவின் பங்கு பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தது. ஐரோப்பாவில் செய்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரபணுவில் இருந்தால் மாற்றவே முடியாது என்பவர்களிடம் நான் சொல்வது ஃபீனைல்கீட்டோன்யூரியா பற்றி. முழுக்கப் பிறவிக் குறை, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெடும். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ஓரிரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவிலேயே வளர்த்தால் பிள்ளை மற்றவர்களைப் போலப் படித்து வேலைக்குப் போகலாம்.