ஓய்வுக்காலப் பணம்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உவர்மலை, தனியார் நிறுவன எழுதுநர்: ஐயா, எனக்கு வரும் ஐப்பசியில் 55 வயது நிறைகிறது. ஊழியர் சேமலாப நிதியத்தில் ஏறக்குறைய 38 இலட்சம் ரூபாய் இருக்கிறது. அதை எடுத்து, வட்டி கூடுதலாகத் தரும் ஒரு நிதிக் கம்பனியில் முழுவதையும் வைப்பிலிடலாமா?

பதில்: 55 வயதில் எடுப்பது உங்கள் உரிமையே தவிரக் கட்டாயமன்று. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்களுக்கு ஓய்வு வயது 60. அதுவரை வேலை செய்தால், சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் நிதியத்தில் தொடர்ந்து சேரும். அவசரத் தேவை இல்லையெனில் அங்கேயே விடுங்கள். எடுத்தே தீர வேண்டுமானால், ஒரே இடத்தில் போடாதீர்கள்: நிறுவனம் முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான், மிகுதி 27 இலட்சத்துக்கு அந்தக் கம்பனியின் நலமே பிணை. இரண்டு ஆண்டுச் செலவுக்கானதைக் குறுகிய கால வைப்பிலும், மீதியை 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியல்களிலும் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள்) பிரித்து வைப்பதே என் விருப்பம். 2021இல் என் பணிக்கொடை (வேலையை விட்டு விலகும்போது முதலாளி தரும் தொகை) முழுவதையும் ஐந்தாண்டு வைப்பில் கட்டிப்போட்டவன் நான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, அந்த மாத வட்டி மாவுக்கும் எரிவாயுவுக்குமே போதவில்லை. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டதாயின், வட்டியில் 10 வீத வரி பிடிக்காதிருக்க வங்கியில் சுயபிரகடனம் கொடுக்க மறவாதீர்கள்.

சீனக்குடா, தாதி: எனக்கு 50 வயதாகிவிட்டது. மகனை வெளிநாடு அனுப்ப முகவர் பணம் கேட்கிறார். என் சேமலாப நிதியை எடுக்கலாமா?

பதில்: பெண்களுக்கு 50 வயதில் எடுக்க முடியும், அம்மா. ஆனால் மகனுக்கு இன்னும் நாற்பது ஆண்டு உழைக்கக் காலம் இருக்கிறது, உங்களுக்கு அது இல்லை. பயணம் சரிவராமல் முகவர் கைவிரித்தால், நட்டம் முழுவதும் உங்கள் முதுமையின் மேல் விழும். கொடுக்கத்தான் வேண்டுமெனில், வேறு சேமிப்பிலிருந்து, இழந்தாலும் தாங்கக்கூடிய அளவு மட்டும் கொடுங்கள்.

நிலாவெளி, விடுதி ஊழியர்: ஏழு ஆண்டு வேலை செய்து விலகினேன். இருபது பேர் வேலை செய்யும் இடம்; பணிக்கொடை கிடையாது என்கிறார்கள்.

பதில்: கிடைக்கும், தம்பி. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைவு செய்தவருக்கு, தாமாக விலகினாலும், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 1,40,000 ரூபாய். சம்பளச் சிட்டைகளுடன் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.

மூதூர், மீனவர்: எங்களுக்குச் சேமலாப நிதி ஏது?

பதில்: உங்களுக்கு முதலாளியின் பங்கு இல்லாததால், சேமிப்பையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. வாடைக்காலத்தில் இஞ்சின் திருத்த மனைவியின் காப்பை அடகு வைப்பதும், பருவத்தில் மீட்பதும் ஆண்டுதோறும் நடப்பதுதானே. அந்த அடகு வட்டிதான் உங்கள் ஓய்வூதியத்தைத் தின்கிறது. ஆகவே பருவத்தில் முதலில் இஞ்சின் செலவுக்கென ஒரு தனிக் கணக்கை நிரப்புங்கள். அது நிரம்பிய பிறகு, மீன் விற்ற ஒவ்வொரு நாளும் சீட்டுக்குக் கட்டுவதுபோல ஒரு தொகையை முதுமைக் கணக்கில் போடுங்கள்; அந்தப் புத்தகம் வீட்டுக்காரியிடம் இருக்கட்டும்.