மச்சினருக்கும் சேர்த்து அந்தமான் டிக்கெட் போடலாமா?

கேள்வி: கோவையில் தனியார் வேலை. எனக்குக் கையில் வருவது 68,000. மனைவி பள்ளி ஆசிரியை, 22,000. வீட்டுக்கடன் தவணை 24,500, வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் 38,000. கொடைக்கானல், கோவா டூர் செலவுகளைக் கார்டில் தவணையாக மாற்றியதில் மாதம் 6,200, 9,400 என இரண்டு ஓடுகிறது. ஒன்று டிசம்பரில் முடியும், இன்னொன்று மார்ச்சில். அது போகக் கார்டில் 42,000 பாக்கி. இரண்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறேன். அவசரத்துக்கு 60,000 எஃப்டி இருக்கிறது. ஜனவரியில் அந்தமான் போக ஆசை: ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் டைவ்), ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது), பறவைகள் எல்லாம் மகள் (12 வயது) பார்க்க வேண்டும். நாங்கள் மூவர், மாமியார், மச்சினர் குடும்பம் மூவர், மொத்தம் ஏழு பேர், 2.4 லட்சம் ஆகும். "நீங்க கார்டுல போட்ருங்க மாமா, அப்புறமா கணக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார் மச்சினர். பாயிண்ட்ஸும் கிடைக்கும். பர்சனல் லோன் நல்லதா, கார்டு தவணை நல்லதா? மாலில் ஒரு ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்பும் சொன்னார்கள், 3.5 லட்சம். பழைய இரண்டு டூரில் மச்சினர் பங்கு 84,000, இதுவரை 20,000 தந்திருக்கிறார். கேட்டால் மனைவி வருத்தப்படுவாள்.

பதில்: லோனும் வேண்டாம், கார்டு தவணையும் வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த 84,000-தான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

உங்கள் சம்பளத்துக்கு வீட்டுக்கடன் அதிகமில்லை, வீட்டுச் செலவும் ஊதாரித்தனம் இல்லை, வருடத்துக்கு ஒரு டூர் போவதிலும் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: எல்லாருக்கும் சேர்த்து நீங்கள் கார்டைத் தேய்ப்பது, வராத பங்கை 'ஈஸி இஎம்ஐ' என்று வங்கி அனுப்பும் மெசேஜை அழுத்தித் தவணையாக்குவது. இரண்டு டூரில் மச்சினரிடமிருந்து நாலில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. அந்தமானில் அவர் பங்கு, மாமியார் செலவில் பாதியையும் சேர்த்தால், 1.2 லட்சம் வரும். பழைய வேகத்திலேயே தந்தால் 90,000-க்கு மேல் உங்கள் தலையில்.

பாயிண்ட்ஸ் கணக்கையும் போட்டுவிடுவோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு என்று தாராளமாகவே வைத்தாலும் 2.4 லட்சத்துக்கு 2,400 ரூபாய். அதே தொகையை 16 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையாக்கினால் வட்டி ஏறக்குறைய 21,300, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,800, ஆக 25,000. மாதத் தவணை 21,700-க்கு மேல். இப்போது எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது 11,900. ஜனவரியில் ஒரு தவணை முடிந்தாலும் 18,100-தான். மீதியை எங்கிருந்து கட்டுவீர்கள்? மறுபடியும் குறைந்தபட்சத் தொகைதான் கட்டுவீர்கள். பர்சனல் லோனில் வட்டி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், துண்டு விழுவது மாறாது.

குறைந்தபட்சத் தொகை கட்டுகிற பழக்கத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கார்டில் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மலிவாகக் கிடைக்கிறது என்று அக்டோபரிலேயே ஏழு பேருக்கு விமான டிக்கெட் போட்டால், ஆளுக்குப் போக வர 13,000 வைத்தால், 91,000. மாதம் 3.6 சதவீதம் என்று மூன்று மாதத்துக்கு ஜிஎஸ்டியோடு 11,500 ரூபாய்க்கு மேல் போய்விடும். கிட்டத்தட்ட எட்டாவதாக ஒருவருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி. முன்கூட்டியே போட்டதில் மிச்சமான காசை வங்கி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் எஃப்டியை உடைத்து 42,000-ஐ இந்த வாரமே கட்டுங்கள். அவசரத்துக்கு வைத்த பணமாயிற்றே என்று தயக்கம் வரும். ஆறரை ஏழு சதவீதம் தருகிற எஃப்டியைக் கட்டிக்காத்துக்கொண்டு நாற்பதுக்கு மேல் வட்டி வாங்கும் கார்டை வளர்ப்பதுதான் இப்போது உங்கள் வீட்டில் நடக்கும் அவசரம். மாதம் மிஞ்சும் 11,900-ஐ செப்டம்பர் முதல் டிசம்பர் வரை போட்டால் 47,600, எஃப்டி பழைய அளவுக்கு வந்துவிடும். அப்புறம் மூன்று மாதம் 18,100, ஏப்ரல் முதல் 27,500. சாதாரண ஆர்டி (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போதும், டூருக்குச் சேர்க்கிற பணத்தை யாராவது ஸ்மால்கேப் எஸ்ஐபியில் (சின்ன கம்பெனிப் பங்குகளில் மாதாமாதம் போடும் ஃபண்ட்) போடச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மே கடைசியில் கையில் 1.09 லட்சம் இருக்கும்.

உங்கள் மூவருக்கு அந்தமான் அதற்குள் அடங்கும். நான் போட்ட தோராயக் கணக்கு: சென்னையிலிருந்து விமானம் 39,000, நாலு இரவு அறை 18,000, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) - ஹேவ்லாக் தீவு கப்பல் போக வர 10,000, முதல் முறை ஸ்கூபா மூவருக்கும் 13,500, எலிஃபண்ட் பீச் ஸ்நார்கெலிங் படகு 3,600, சாப்பாடு, டாக்ஸி 16,000, கோவை - சென்னை ரயில் 4,000. மொத்தம் 1.04 லட்சம். ஆனால் மே கடைசியில் கிளம்பிவிடாதீர்கள், தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கும். அடுத்த டிசம்பருக்குப் பிறகு ஏப்ரலுக்குள் வையுங்கள். இடையில் சேரும் பணம் அவசர நிதிக்கு.

ஏழு பேர் திட்டத்தில் எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. முதல் முறை டைவுக்குப் பொதுவாகப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். மச்சினர் மகன் சின்னப் பையன் என்றால் கரையில்தான். டைவ் சென்டரில் உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று டிக் அடித்தால் டாக்டர் சான்று கேட்பார்கள், மாமியாரும் பெரும்பாலும் கரையில்தான். யாராவது ஒருத்தர் இவர்களோடு கரையில் உட்கார வேண்டும். 2.4 லட்சம் செலவில் நிஜமாகத் தண்ணீருக்குள் போவது நாலு பேர்.

இந்த ஜனவரியில் மகளை ஏமாற்ற வேண்டாம் என்றால் கோடியக்கரை போய் வாருங்கள். அந்தப் பருவத்தில் பூநாரைகள் வரும், வெளிமான் கூட்டம் நிச்சயம், இரண்டு இரவுக்கு மூன்று பேருக்குச் சிக்கனமாக 12,000-க்குள் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும், மாணவர்கள் நடத்தும் ஆமை நடையில் கலந்துகொள்ளலாம். ராத்திரி முழுக்க மணலில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும், ஆமை வரும் என்ற உத்தரவாதமும் இல்லை, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்கூபாவுக்குக் குறைந்த அனுபவம் இல்லை அது.

மச்சினர் விஷயம். பழைய 64,000-ஐ ஒரே மூச்சில் கேட்டால் சண்டைதான் வரும், அதனால் மாதம் 5,000 அனுப்பச் சொல்லி உங்கள் மனைவியை விட்டே பேச வையுங்கள். இந்தத் தவணைகளில் எவ்வளவு தன் தம்பிக்காகக் கட்டுகிறோம் என்று அவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்; ஸ்டேட்மெண்ட்டை ஒரு நாள் உட்கார்ந்து காட்டுங்கள், வருத்தம் யார்மேல் வருகிறது பார்ப்போம். பணம் வந்தால் சந்தோஷம், என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. இனி எந்த டூர் என்றாலும் குடும்பத்துக்குத் தனித்தனி டிக்கெட், தனித்தனி அறை, அவரவர் கார்டு. நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கார்டு லிமிட்டை 50,000-ஆகக் குறைக்கச் சொல்லி வங்கி ஆப்பில் கோரிக்கை போட்டுவிட்டு "லிமிட் இல்லப்பா" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. மாமியார் வேறு. அவரை அழைத்துப் போக ஆசை என்றால் முழுச் செலவும் நீங்களே செய்யுங்கள், பாதிப் பங்கு என்று மச்சினர் கணக்கில் எழுதாதீர்கள். கூடுதலாக 25,000, ஒரு மாதச் சேமிப்பு.

ஹாலிடே கிளப்புக்கு 3.5 லட்சத்தோடு முடியாது, வருடப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டீர்களா? 18,000 என்று சொன்னால்கூட அதிலேயே ஹேவ்லாக்கில் நாலு இரவு தங்கிவிடலாம், சேரும் தொகையைத் தொடவே வேண்டாம். மாலில் இலவச குக்கர் கொடுத்து உட்கார வைத்தால் குக்கரையும் வாங்க வேண்டாம்.

போகும்போது ஒன்று: டைவைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது டைவிங் மருத்துவர்களின் பரிந்துரை, மீறினால் உடம்புக்கு ஆபத்து. ஹேவ்லாக் போன மறுநாளே டைவை முடித்துவிட்டு, விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள், வானிலையால் கப்பல் ரத்தானால் புது விமான டிக்கெட் எடுக்கும் கொடுமை மிச்சம். பயணக் காப்பீடு எடுத்தால் ஸ்கூபா அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் அடங்காது. மகளுக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் முதல் முறை டைவில் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டேதான் வருவார், 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போக மாட்டார். ஆனாலும் ஒரு வருடம் இருக்கிறதே, பக்கத்தில் நீச்சல் குளம் இருந்தால் சேர்த்துவிடுங்கள், அந்தக் கட்டணத்தைக் கார்டில் தேய்க்காமல்.