குளச்சல் வீட்டுக்கு ஒரு தமயந்தி

கேள்வி: குளச்சலில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளிப் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பழைய வீட்டில் 1,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டிய ரவி வர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’ இரண்டே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் அலை அலையாகப் புடைத்துவிட்டது. அதே படத்தை நல்ல பிரிண்டாக வாங்க ஆசை. ஒருவர் 2,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 15,000 என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, பழைய படத்தைத் தூக்கிப் போடும் முன் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். எம்.டி.எஃப் பலகையோ (மரநாரை அழுத்திச் செய்தது) சாதா அட்டையோ இருந்தால் அது ஈரத்தை உறிஞ்சி ஊதியிருக்கும். ஓரத்துப் பழுப்பு பெரும்பாலும் மட்டமான மவுண்ட் போர்டின் (பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வேலை, அதிலுள்ள அமிலம் மெல்ல மெல்லத் தாளில் இறங்கிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது, உங்களுக்கு உப்புக் காற்று வேறு. அதனால் பணத்தைப் பளபளக்கும் பிரேமில் போடாதீர்கள், தாளிலும் அதற்குப் பின்னால் இருப்பதிலும் போடுங்கள்.

கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: அமிலம் இல்லாத பருத்தித் தாளா, கனம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பக்கம் வருமா, பிக்மென்ட் இங்கில் (நிறமித் துகள் மை) அடித்ததா? சாதா டை இங்க் (கரைந்த சாய மை) வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். 16க்கு 20 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் மூலக்கோப்பு 4,800க்கு 6,000 பிக்ஸல் இருக்க வேண்டும், சின்னக் கோப்பை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் புடவை மடிப்பும் அன்னத்தின் இறகும் குழம்பிப்போய் உங்களுக்கே தெரியும்.

‘லிமிடெட் எடிஷன்’ (குறைந்த எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டது) என்று சொல்லி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள். ரவி வர்மா 1906இலேயே காலமாகிவிட்டார், அவர் படங்களுக்குக் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உயிரோடு இருக்கும் ஓவியர் தானே எண் போட்டுக் கையெழுத்திட்ட பிரிண்ட் என்றால் அது வேறு விஷயம், அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வாங்கும் முன் ஒரு நாள் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் ஸ்ரீசித்ரா ஓவியக் கூடம் இருக்கும் அருங்காட்சியக வளாகத்தில், ராஜா ரவி வர்மா ஓவியக் கூடத்தில் அசல் தமயந்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நிறம் கண்ணில் இருந்தால் கடையில் எந்தப் பிரிண்ட் கண்டபடி சிவந்திருக்கிறது என்று பார்த்தவுடனே பிடித்துவிடுவீர்கள்.

பிரேமுக்குத் தேக்கு நல்லது, ஃபைபர் சட்டமும் போதும், அது ஈரத்தில் ஊதாது. படம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே அமிலமற்ற மவுண்ட் கட்டாயம். கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டால் எடையும் குறையும், ஆனால் எளிதில் கீறல் விழும்.

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், உள்சுவர் பாருங்கள், அதுவும் புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு. பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். துடைக்கும்போது துணியைத்தான் நனைக்க வேண்டும், கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.