கப்பலில் இரவுச் சாப்பாடு: முன்பதிவா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பலில் பினாங்கு, புக்கெட் போய் வருகிறோம். 4 இரவுகள். நான், மனைவி, 10 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, தங்கை என ஏழு பேர், மூன்று அறைகள். டிக்கெட் போட்ட நாளிலிருந்து “டின்னரை இப்போதே பதிவு செய்தால் தள்ளுபடி” என்று மெயில் வந்துகொண்டே இருக்கிறது. சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி என்றுதானே சொன்னார்கள்? முன்பே பதிவு செய்ய வேண்டுமா, அன்றன்றைக்குத் தோன்றியபடி சாப்பிடலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ஏழரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. — வாசகர், கோவை

பதில்: முதலில் அந்த மெயிலை ஓரமாக வையுங்கள். அது விற்பது டிக்கெட்டில் அடங்காத சாப்பாட்டை. கப்பலில் தனியாகக் காசு வாங்கும் உணவகங்கள் சில இருக்கும்: சாப்ஸ் கிரில் என்ற ஸ்டேக் (தடித்த இறைச்சித் துண்டு) கடை, ஓர் இத்தாலிய உணவகம், இசூமி என்ற ஜப்பானிய உணவகம், இன்னும் ஒன்றிரண்டு. அந்தப் பக்கமே போகாவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். வேளாவேளைக்குப் பெரிய சாப்பாட்டுக் கூடமும், விண்ட்ஜாமர் என்ற பஃபேயும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. பஃபேக்கு முன்பதிவு என்பதே கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு போய் இடம் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

உங்கள் குடும்பம் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டியது அந்தக் காசில்லாத கூடத்தில் ஒரு மேசையைத்தான். இதைப் பற்றி மெயில் வராது, இதில் அவர்களுக்கு வருமானம் இல்லையே.

கூடத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, குறித்த நேரம். தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர். முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு வாக்கில். இரண்டாம் பந்தி எட்டு மணி வாக்கில். நிமிடக் கணக்கு கப்பலுக்குக் கப்பல் மாறும். இன்னொன்றுக்கு மை டைம் டைனிங் என்று பெயர். கூடம் திறந்திருக்கும் நேரத்துக்குள் நீங்கள் விரும்பியபோது வரலாம். வேண்டுமானால் ஒரு நேரத்தைச் சொல்லிப் பதிவும் செய்து வைக்கலாம். பயணச் சீட்டு போடும்போதே இவற்றில் ஒன்றைத் தேர்ந்திருப்பீர்கள், அல்லது உங்களைக் கேட்காமலே ஏஜென்ட் தேர்ந்திருப்பார். எது என்று இன்றே பாருங்கள். இரண்டாம் பந்தி என்று இருந்தால் அப்பாவுக்குச் சரிப்படாது.

முதல் பந்திதானே நல்லது என்று தோன்றும். குழந்தைகள், வயதானவர்கள் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். அதனால் அது சீக்கிரம் நிரம்பும். ஆனால் உங்களுக்கு இரண்டு நாள் ஊர் சுற்றல் இருக்கிறது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்குப் போகவும் திரும்பவும் சிறு படகுதான். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், படகுக்கு வரிசை நிற்கும். வெயிலில் நின்று வந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஐந்தரைக்கு மேசையில் உட்காருவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே என் யோசனை மை டைம். அதில் நான்கு இரவுக்கும் ஆறே முக்கால் மணி என்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

‘விரும்பிய நேரத்தில் வரலாம்’ என்றால் பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் தேவையில்லை, இரண்டு பேர் மேசை நிறைய இருக்கும், போய் நின்றால் உட்கார வைப்பார்கள். ஏழு பேர் சேர்ந்து உட்காரும் மேசைகள் குறைவு. கடலிலேயே கழியும் நாளில் இரவு ஏழு மணிக்கு ஏழு பேராகப் போய் நின்றால், “சற்றுக் காத்திருங்கள்” என்பார்கள், அல்லது நான்கும் மூன்றுமாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டு வாசலில் காத்து நிற்பது ஆபத்து. மேசையில் உட்கார்ந்த பிறகும் சூப், முதன்மை உணவு, இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் விஷயத்தைச் சொல்லி, பிரட்டும் சூப்பும் முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் தவிர, தட்டு முன்னால் வரும்வரை ஊசியைத் தொட வேண்டாம்.

இன்னொரு சிறு வேலை, பலரும் கோட்டை விடுவது. மூன்று அறைகளுக்கும் தனித்தனி பதிவு எண்கள் இருக்கலாம். ஒன்றோடொன்று இணைக்காவிட்டால் கணினிக்கு நீங்கள் மூன்று வேறு குடும்பங்கள். மூன்று மேசை தரும். எண்களை இணைத்துவிடும்படி ஏஜென்டிடம் சொல்லுங்கள், ஒரு போன் காலில் முடியும். இணைத்த பிறகு எல்லா அறைக்கும் ஒரே சாப்பாட்டு முறைதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் கப்பலில் ஏறிய பின் ஏதாவது இடித்தால், முதல் நாள் மதியமே கூடத்தின் மேலாளரைப் போய்ப் பாருங்கள். மேசை மாற்றிக் கொடுப்பதற்கென்றே அன்றைக்கு நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருப்பார்கள். இரவு வரை தள்ளிப்போட்டால் நல்ல மேசைகள் போய்விடும்.

அம்மாவின் சைவத்துக்கு வருவோம். கப்பல் மொழியில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையும் சீஸும் உள்ளே வரும். ‘இந்தியன் வெஜிடேரியன்’ என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள், முட்டை கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதோடு விட்டுவிடாமல், முதல் இரவு கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் அம்மாவைக் காட்டி நேரிலும் சொல்லிவிடுங்கள். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தைய இரவே கேட்டு, பருப்பு, காய்கறி, சப்பாத்தி, சாதம் என்று தயார் செய்து தருவார்கள். தினமும் அதே நேரத்துக்கு, அதே பரிமாறுபவரின் மேசையைக் கேட்டு வாங்குங்கள். மை டைமிலும் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் புது ஆளிடம் முட்டைக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சமையல் வடநாட்டுப் பாணியில்தான் இருக்கும். ரசம் கிடைக்குமா என்றால், எதிர்பார்க்காதீர்கள்.

சரி, காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள். நான்கே இரவுப் பயணத்தில் பேக்கேஜ் வாங்காதீர்கள். மூன்று இரவுச் சாப்பாடு, எல்லா இரவும் சாப்பாடு என்று கூட்டி விற்பார்கள். கணக்குப் பார்த்தால் மலிவாகத் தெரியும். ஆனால் வாங்கிய பிறகு எந்த இரவு, எத்தனை மணி என்பதைக் கப்பலில் ஏறித்தான் பெரும்பாலும் முடிவு செய்ய முடியும். நல்ல நேரங்களுக்கு முதல் நாள் மதியமே வரிசையில் நிற்பார்கள். தவிர, ஸ்டேக் கடையில் சைவத்துக்கு இருப்பது சாலட், உருளைக்கிழங்கு, இன்னும் ஒன்றிரண்டு. ஆட்டுக்கறிக்கும் சாலட்டுக்கும் தலைக்கு ஒரே கட்டணம். அம்மாவுக்காக அங்கே காசு கட்டுவது வீண்.

குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று டெப்பன்யாகியைச் சிலர் சொல்வார்கள். எல்லாக் கப்பலிலும் இது இருக்காது. சுடும் இரும்புத் தகட்டைச் சுற்றி உட்கார வைத்து, சமையல்காரர் கண்ணெதிரே தீயைக் கிளப்பி, முட்டையைத் தூக்கிப்போட்டுக் கரண்டியில் பிடித்து வித்தை காட்டிச் சமைப்பார். இடம் கொஞ்சம், ஆரம்பிக்கும் நேரமும் குறித்தது, அதனால் உண்மையிலேயே முன்பதிவு தேவைப்படுவது இதற்குத்தான். ஆனால் அதே தகட்டில்தான் இறால், இறைச்சி, முட்டை எல்லாம் வேகும். சைவத்தைத் தனியாகச் செய்து தந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அம்மாவால் சாப்பிட முடியுமா என்று யோசியுங்கள். பிள்ளைகளையும் தங்கையையும் மட்டும் கூட்டிப் போகலாம்.

நீங்களும் மனைவியும் ஒரே ஒரு இரவு தனியாகப் போங்கள் என்பேன். நான்காம் இரவுக்கு, எட்டரை மணிக்கு. அன்று பகல் முழுக்கக் கடலில்தான், படகு வரிசை இல்லை. ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் இதே எண்ணம் வரும், எனவே இதை மட்டும் கோவையிலிருந்தே பதிவு செய்யுங்கள். பெரியவர்கள் ஆறே முக்காலுக்குச் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். பிள்ளைகளை அட்வென்ச்சர் ஓஷன் என்ற குழந்தைகள் கூடத்தில் விடலாம். 3 வயதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள், டயப்பர் பழக்கம் விட்டிருக்க வேண்டும், இரவு 10 மணி வரை கட்டணம் இல்லை. நீங்கள் அசைவம் என்றால் சாப்ஸ் கிரில், சைவம் என்றால் இத்தாலிய உணவகம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து வலைத்தளத்தில் வாங்கினால் கப்பலில் கேட்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. இந்த விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்று வாங்கிவிட்டு, பிறகு குறைந்தால் ரத்து செய்து மறுபடி வாங்குவது அனுபவஸ்தர்களின் வழக்கம். பொதுவாகப் பயணம் தொடங்குவதற்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். கடைசி ஓரிரண்டு நாள்களுக்கு விதி வேறாக இருக்கலாம் என்பதால் பதிவுப் பக்கத்தில் அதை மட்டும் படித்துவிடுங்கள். ஆனால் நம் ஊர் கார்டில் டாலரில் கட்டுகிறீர்கள். திரும்பும் பணம் அன்றைய மாற்று விகிதத்தில் வரும், வங்கி பிடித்த அந்நியச் செலாவணிக் கட்டணம் திரும்பாமல் போகலாம். இரண்டு டாலர் குறைந்தது என்று ரத்து செய்தால் லாபம் வங்கிக்குத்தான். 18 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் கவனியுங்கள்.

முன்பதிவே வேண்டாம், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஏற்றது முதல் இரவு. ஏறிய களைப்பில் பெரும்பாலோர் பஃபேயில் ஒதுங்கிவிடுவார்கள், காசு வாங்கும் உணவகங்களில் இடம் இருக்கும். அன்று மதியம் பஃபே வாசலிலேயே ஊழியர்கள் மேசை போட்டு, சில நேரம் தள்ளுபடியோடு கூப்பிடுவார்கள். உங்களுக்கு இது வேண்டாம்; விமானத்தில் வந்து இறங்கிய பெரியவர்களோடு அன்றைக்கு இரண்டு மணி நேரச் சாப்பாடு தாங்காது.

எல்லாவற்றையும் முன்பதிவு செய்ய வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நிறுவனமே ஒருமுறை பார்த்தது. 2014-ல் வந்த குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் ஒரே பெரிய கூடத்துக்குப் பதிலாக, வேறு வேறு சமையலோடு, தனிக் கட்டணம் இல்லாத நான்கு உணவகங்களை வைத்து, ஒவ்வொரு இரவுக்கும் பயணிகளே பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். டைனமிக் டைனிங் என்று பெயர். காகிதத்தில் அருமையான திட்டம். விடுமுறைக்கு வந்தவர்கள் தினமும் இடத்துக்காக மல்லுக்கட்டினார்கள், பழகிய பரிமாறுபவர் இல்லையே என்று குறைப்பட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் கைவிட்டு, பழைய பந்தி முறைக்கே திரும்பினார்கள். அதனால்தான் நான்காவது இரவு தவிர வேறு எதையும் காசு கொடுத்துக் கட்டிப்போடாதீர்கள் என்கிறேன்.

இந்த யோசனை ராயல் கரீபியனுக்கு. நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்தில் 2000-லிருந்தே பந்தி நேரம் கிடையாது. எந்தக் கூடத்தில் எவ்வளவு கூட்டம் என்பதை நடைவழித் திரைகளில் காட்டுவார்கள். அங்கே இருவராகப் போகிறவர்கள் பதிவை மறந்துவிடலாம்.

இரவுக் காட்சிகளையும் மறக்காதீர்கள். பெரிய கப்பல்களில் அரங்கக் காட்சிகளுக்குக் கட்டணமில்லை, ஆனால் இடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆறே முக்காலுக்கு உட்கார்ந்தால் எட்டே காலுக்கு முன் எழுந்திருக்க மாட்டீர்கள், அதற்கு மேல் தொடங்கும் காட்சியைப் பாருங்கள். இதெல்லாம் நிறுவனத்தின் ஆப்பிலேயே நடக்கும். அதை ஊரிலேயே இறக்கி வையுங்கள். கப்பலின் வைஃபையில் இணைந்தால் இன்டர்நெட் வாங்காமலே ஆப் வேலை செய்யும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடல் ரோமிங் பில் வரும்.

கடைசியாக நேரம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பல பயணங்களில் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், புக்கெட் கரையில் ஏர்பிளேன் மோடை எடுத்தால் உங்கள் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். போன் 5:45 என்று காட்டும்போது கூடத்தில் உங்கள் மேசைக்கு 6:45 ஆகியிருக்கும். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரத்திலும் இதே குழப்பம் வரும். பேட்டரிக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அப்பா கையில் கட்டிவிடுங்கள். அப்பாவுக்கு இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே ஏழரை என்றால் அவர் உடம்புக்கு மாலை ஐந்து. ஊசியையும் மாத்திரையையும் எப்படி நகர்த்துவது என்று கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் நேரம் ஆறே முக்காலுக்குப் பொருந்தாவிட்டால், மேசை நேரத்தை மாற்றிப் பதிவு செய்யுங்கள்.