கடன் வேண்டாம் என்று எழுதினேன், கடன் விளம்பரத்தில் ஓடுகிறது!

கேள்வி: சினிமா சாராத ஓர் ஆல்பத்துக்குப் பணத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, “சகல உரிமையும் கொடுத்துவிட்டேன், இனி எந்தப் பணமும் கேட்கமாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பாட்டு ஹிட். இப்போது “கடன வாங்காத கண்ணு” என்ற என் பல்லவியை “கடன வாங்கிக்கோ கண்ணு” என்று மாற்றி, கடன் செயலி விளம்பரத்தில் போடுகிறார்கள். என் பெயர் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு, காசிருந்தால்தான் மதிப்பு என்ற என் கருத்தை வைத்து இன்னொருவரும் பாட்டுப் போட்டிருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போட்டாச்சே என்று மனம் விட வேண்டாம். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர் என்றால், பாட்டு வரிகளுக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணமான ராயல்டியில் நிறுவனத்தோடு உங்களுக்குள்ள சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல், 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் (பிரிவு 18, 19) இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதன்பின் கையெழுத்தான பத்திரம் என்றால், “இனி எந்தப் பணமும் கேட்கமாட்டேன்” என்ற வரி ராயல்டியைப் பொறுத்தவரை செல்லாது. சினிமாப் பாட்டென்றால், படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடுவதற்கு இந்தப் பங்கு கிடையாது; உங்களுடையது சினிமா சாராத பாட்டு என்பதால் அந்த விலக்கும் இல்லை.

பத்திரத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று இல்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்.

என்னை அதிகம் உறுத்துவது அந்த விளம்பரம்தான். வாங்காதே என்றவரின் வாயாலேயே வாங்கிக்கோ என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். பிரிவு 57 இங்கே உங்களுக்குத் துணை. படைப்பைத் திரித்து அதனால் ஆசிரியரின் கௌரவமோ நற்பெயரோ கெடுமானால், உரிமையை விற்ற பிறகும் அவர் தடை கேட்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் இதே பிரிவில் இருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துச் சிதைத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும், எஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. கடனில் தவிக்கும் குடும்பங்களுக்காக எழுதினேன் என்று உங்களால் காட்ட முடிந்தால், நற்பெயர் கெட்டது என்ற வாதம் வலுவாக நிற்கும்.

பெயர் விஷயத்தையும் சின்னதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ‘மணி’ என்ற புகழ்பெற்ற பாட்டைப் பாடிய பாரெட் ஸ்ட்ராங்கின் பெயர் 1959-இல் எழுதியவர்களில் ஒருவராகப் பதிவானது, மூன்றாண்டில் நீக்கப்பட்டது. 1987-இல் திரும்பச் சேர்ந்து, அடுத்த ஆண்டே மறுபடி போனது. பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் தரப்பு, முதலில் சேர்த்ததே எழுத்தர் பிழை என்றது. ஸ்ட்ராங்குக்கோ நீக்கிய செய்தியே பல ஆண்டு தெரியாது. பணத்தைப் பற்றிய அந்தப் பாட்டின் பணம் அவருக்கு வரவில்லை.

இன்னொருவரின் பாட்டை விட்டுவிடுங்கள். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் பத்தும் செய்யும் என்பதற்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்? உங்கள் வரிகளையே எடுத்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விளம்பரம் மறைவதற்குள் தேதி தெரியும்படி பதிவு செய்து வையுங்கள். வரிகளை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அந்த போனை மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவைப்படும். அப்புறம், பாடலாசிரியர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி இந்தப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். வானொலி நிலையங்கள் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கையும் தரவேண்டும் என்று 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது அந்தச் சங்கம் தொடுத்த வழக்கில்தான்.

வக்கீல் நோட்டீஸ் ஆல்பம் நிறுவனத்துக்கும் விளம்பரம் தந்தவருக்கும் சேர்த்தே போகட்டும்: விளம்பரத்தை நிறுத்த வேண்டும், பெயர் போட வேண்டும், ராயல்டிக் கணக்குக் காட்ட வேண்டும். வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்த நகல் கையில் இல்லையென்றால் அதையும் நோட்டீஸிலேயே கேட்டுவிடுங்கள்.