போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

பானா சிங். யோசிக்கவே வேண்டியதில்லை.

எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். என் அப்பாவும் இருந்தார். கொஞ்ச காலம் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் சியாச்சின் பனிமலையில் போட்டிருந்தார்கள். சண்டை எதுவும் பார்க்கவில்லை, பார்த்ததெல்லாம் குளிர்தான் என்பார். லீவில் வந்து சொல்லும் கதைகளில் முட்டைக் கதைதான் சின்ன வயதில் எனக்குப் பிடிக்கும். சுத்தியலால் அடித்தாலும் முட்டை உடையாதாம். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியை வெட்டி வந்து மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். அந்தப் புகையிலேயே நாள் முழுக்க இருப்பதால் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். ரைஃபிளையும் அதே அடுப்பில் காட்டித்தான் சூடேற்றுவார்கள். வெறும் விரலால் இரும்பைத் தொட்டால் தோல் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்துவிடும். அவருடன் இருந்த ஒருவருக்கு இப்படிப் பனி கடித்து வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்தக் கதையை மட்டும் அப்பா பாதியில் நிறுத்திவிடுவார்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால், பானா சிங் செய்ததைப் படித்தபோது எனக்கு முதலில் துப்பாக்கிச் சண்டை கண்ணில் வரவில்லை. அந்தக் கைகள்தான் வந்தன.

1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேகதூத் மூலம் இந்தியா சியாச்சினில் இறங்கியது. ஆனால் 21,153 அடி உயரத்தில் ஒரு சிகரத்தின் உச்சியில் பாகிஸ்தான் ஒரு காவல் நிலை அமைத்துவிட்டது. ஜின்னாவின் நினைவாக அதற்குக் காயித் என்று பெயர். அங்கே உட்கார்ந்தால் நம்முடைய சோனம், அமர் நிலைகள் கண்ணுக்கு நேராகத் தெரியும். அந்த இரண்டுக்கும் சோறு, எண்ணெய், மருந்து எல்லாமே ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். மேலே இருப்பவன் சுட ஆரம்பித்தால் ஹெலிகாப்டர் வர முடியாது. ஹெலிகாப்டர் வராவிட்டால் அங்கே இருப்பவர்களுக்குப் பிழைப்பே இல்லை.

1987 மே மாதக் கடைசியில் இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே தலைமையில் ஒரு சிறு குழு வழி பார்க்கப் போனது. சிகரத்துக்குக் கீழே கிட்டத்தட்ட செங்குத்தாக 457 மீட்டர் பனிச்சுவர். அதில் கயிறு கட்டிக்கொண்டே ஏறினார்கள். உச்சியை நெருங்கும்போது மேலிருந்து சுட்டார்கள். பாண்டேயும் அவருடன் போனவர்களில் பலரும் அங்கேயே இறந்தார்கள். அவர்கள் கட்டிய கயிறு மட்டும் சுவரில் கிடந்தது.

அடுத்த முயற்சிக்கு ராஜீவ் என்றே பெயர் வைத்தார்கள். 8-ஆம் ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபன்ட்ரி என்ற படைப்பிரிவுதான் போனது. மேஜர் வரீந்தர் சிங் தலைமை. ஆட்களை மேலே சேர்ப்பதே பெரும் பாடு. அந்த உயரத்தில் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு நடைக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் தூக்கும். ஜூன் 23 இரவு ஒரு குழு போனது. பாண்டே குழு கட்டிய கயிறு பனிக்கு அடியில் புதைந்து கிடந்ததால் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியது. மறுநாள் இரவு இன்னொரு குழு போனது. கயிறு கிடைத்தும் உச்சியைப் பிடிக்க முடியவில்லை. குளிரில் துப்பாக்கிகள் இறுகிச் சுடாமல் போயின. மேலே இருந்தவர்களுக்கோ ஆள் வருகிறார்கள் என்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் நாயிப் சுபேதார் பானா சிங் வருகிறார். அந்தப் படையில் சேரத் தானாகவே முன்வந்தவர். அப்போது அவருக்கு 38 வயது. முன்னால் போனவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ஏறியவர் இல்லை. எல்லாம் தெரிந்துதான் ஏறினார். எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

ஜூன் 26 அன்று, இருட்டுக்குக் காத்திராமல் பகலிலேயே தாக்குவது என்று வரீந்தர் சிங் முடிவு செய்தார். சுபேதார் சன்சார் சந்த் ஒரு பக்கம் போக, பானா சிங் நான்கு பேருடன் வேறு வழியில் போனார். சுற்று வழி, இன்னும் கடினமான வழி. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று எதிரி நினைத்திருக்கக்கூடிய வழி. அன்றைக்குப் பனிப்புயல் வேறு. எதிரே இருப்பவன் முகம் தெரியாத அளவுக்குப் பனி. ஏறுவதற்கு அது எமன்தான், ஆனால் மேலே இருப்பவர்கள் கண்ணில் படாமல் அதுவே அவர்களைக் காப்பாற்றியது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அங்க பத்து அடி எடுத்து வெச்சா நின்னு மூச்சு வாங்கணும்டா. கையுறை போட்ட கையால கயித்துல ஒரு முடிச்சு போட்டுப் பாரு, தெரியும்" என்றார்.

உச்சியில் ஒரே ஒரு பதுங்கு குழி. பானா சிங் அதன் கதவைத் திறந்து உள்ளே கையெறி குண்டைப் போட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே இருந்தவர்களுடன் துப்பாக்கி முனைக் கத்தியால் நேருக்கு நேர் சண்டை. சிலர் சிகரத்திலிருந்து குதித்துவிட்டார்கள். எதிரிகளின் ஆறு சடலங்கள் அங்கே கிடந்தன. அவர்களும் அதே குளிரில், வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருந்தவர்கள்தான் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1988 குடியரசு தினத்தன்று பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கும் அன்றுதான் அறிவிப்பு வந்தது. இதுவரை இந்த விருது 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் 14 பேர் வாங்க உயிரோடு இல்லை. காயித் என்ற அந்த நிலைக்கு இப்போது பெயர் பானா டாப்.

அன்று அவருடன் ஏறிய நான்கு பேரில் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனி லால். அந்த வேலைக்கு சேனா மெடல், 1999-இல் வீர் சக்ரா, 2007 ஜூனில் குப்வாராவில் தீவிரவாதிகளுடன் சண்டையில் இறந்த பிறகு அசோக சக்ரா. பானா சிங்கைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

பானா சிங் கௌரவ கேப்டனாக 2000-இல் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே போனார். ஜம்முவில் ரண்பீர் சிங் புரா பக்கம் கத்யால் கிராமம். விவசாயக் குடும்பம். பரம்வீர் சக்ராவுக்காக அவருடைய மாநில அரசு அப்போது கொடுத்த தொகை மாதம் 166 ரூபாய். பக்கத்து மாநிலங்களில் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, இது நியாயமா என்று வெளிப்படையாகவே கேட்டார். வீரன் என்றால் காசைப் பற்றிப் பேசக் கூடாது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர் கேட்டது சரி. அதை அவர் கேட்க வேண்டியிருந்ததுதான் தவறு. அப்புறம் பஞ்சாப் அரசு, எங்கள் மாநிலத்துக்கே குடிவந்துவிடுங்கள், பணமும் நிலமும் தருகிறோம் என்றது. நான் ஜம்மு காஷ்மீர்க்காரன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஜனவரி 26 காலையில் எங்கள் வீட்டில் டிவி ஓடும். பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் ஜீப்பில் நின்றபடி சல்யூட் அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். மூஞ்சி சரியாகத் தெரியவில்லையோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் கேட்டேவிட்டேன். விரல் ஐந்தும் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார்.